நகையும் நாடாவும்: அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சி அங்கதத்தின் பாடவரலாறு

2001ஆம் ஆண்டு யூன் மாதம் 20ஆம் திகதி இரவு, ஐக்கிய அமெரிக்காவின் கொமெடி சென்ட்ரல் என்னும் கேபிள் அலைவரிசையில் ஒளிபரப்பாகிய சௌத் பார்க் சித்திரத் தொடரின் ஓர் அங்கத்திலே, மலத்தைக் குறிக்கும் ஆங்கில வசைச்சொல் ஒன்று 162 தடவை வழங்கப்பட்டது. பார்ப்போர் கணக்குத் தவறாதிருக்கும் பொருட்டுத் திரையின் மூலையிலே ஓர் எண்ணியும் ஓடிக்கொண்டிருந்தது. அரசு இதன் மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. எடுப்பதற்கு அதற்கு அதிகாரமும் இருக்கவில்லை. ஆனால் அதே நாட்டிலே, 1973 ஒக்டோபர் 30ஆம் திகதி பிற்பகலில் ஜோர்ஜ் கார்லின் என்னும் நகைச்சுவையாளரின் இசைத்தட்டொன்றை ஒலிபரப்பிய நியூயோர்க் வானொலி நிலையமொன்று உயர் நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. அத்தட்டிலே கார்லின் எடுத்துப் பகிடி செய்த சொற்களுள் மேற்சொன்ன சொல்லும் ஒன்று. தன் மகனுடன் வாகனத்திற் சென்றுகொண்டிருந்த தந்தையொருவர் அதனைக் கேட்டு முறைப்பாடு செய்தார். கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு அம்முறைப்பாட்டை நிலையத்தின் அனுமதிப்பத்திரக் கோவையில் இட்டது. 1978 யூலை 3ஆம் திகதி, ஐவருக்கு நால்வர் என்ற சிறு பெரும்பான்மையால், ஆணைக்குழுவுக்கு அவ்வாறு செய்யும் அதிகாரம் உண்டென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நாடு ஒன்று, அரசியலமைப்பு ஒன்று, சொல்லும் ஒன்று. வேறுபட்டது சொல் சென்றடைந்த வழி மட்டுமே. ஒன்று ஆகாயத்திற் பரவியது; மற்றையது கம்பியின் வழியே வந்தது. அமெரிக்கக் கேபிள் நகைச்சுவையின் கட்டற்ற தன்மையை ஒரு தலைமுறையின் ஒழுக்கச் சீர்கேடாகவோ கலைஞரின் தனிப்பட்ட துணிவாகவோ விளக்குவோர் பலர். இவ்விளக்கங்கள் வரலாற்றாசிரியனுக்குப் போதியவையல்ல. அந்நகைச்சுவை எவ்வழியாக வந்தது, எவர் அதற்குப் பணம் கொடுத்தனர், பின்னர் அது எவ்வடிவிற் சேமிக்கப்பட்டது என்னும் வினாக்களே முதன்மையானவை. மூன்றாவது வினா இதுவரை பெரும்பாலும் கவனிக்கப்படாதது. இக்கட்டுரை அதனையே சிறப்பாக நோக்குகின்றது.

கேபிள் தொலைக்காட்சி நகைச்சுவைக்கெனத் தோன்றியதன்று. 1940களின் இறுதியிலே, பென்சில்வேனியா, ஒரிகன் முதலிய மாநிலங்களின் மலைப்பாங்கான ஊர்களில் வானலை எட்டாத வீடுகளுக்கு, குன்றின்மேல் நாட்டிய பொது அன்ரெனாவிலிருந்து கம்பி இழுத்துக் கொடுத்த சிறு வியாபாரமே அதன் தொடக்கம். 1972 நவம்பர் 8ஆம் திகதி பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி நகரில் 365 சந்தாதாரருடன் எச்.பி.ஓ. என்னும் கட்டண அலைவரிசை தொடங்கியபோது, கம்பி வழியே வருவது வேறோர் இடத்து நிகழ்ச்சியின் மறு அஞ்சலாக மட்டும் இருக்கவேண்டியதில்லை என்பது புலனாயிற்று. 1975இல் அந்நிறுவனம் செய்மதியைப் பயன்படுத்தத் தொடங்கியதும் மலையூரின் கம்பி நாடளாவியதாயிற்று. வானொலித் தீர்ப்பின் அடிப்படையோ, ஒலிபரப்பு இல்லத்துள் அழையாமலே நுழைகின்றது, சிறுவர் எளிதில் அதனைக் கேட்கின்றனர் என்பதாகும். மாதந்தோறும் பணம் கட்டி, கம்பி பொருத்துவித்து, வேண்டாதபோது நிறுத்திவிடக்கூடிய ஒன்றை அழையா விருந்தாளி என்று எங்ஙனம் கூறுவது? கேபிளில் ஒழுக்கக்கேடான நிகழ்ச்சிகளைத் தடைசெய்ய யூட்டா மாநிலம் இயற்றிய சட்டம் கீழ் நீதிமன்றங்களில் வீழ்ந்தது. 1987இல் உயர் நீதிமன்றமும் அம்முடிவை உறுதிப்படுத்திற்று.

இவ்வேறுபாட்டை எல்லோர்க்கும் முன்னர் உடலால் உணர்ந்தவர் கார்லின் எனலாம். வானொலி வழக்கு முடிவுறாதிருந்த 1977ஆம் ஆண்டிலேயே, எச்.பி.ஓ. அவரது மேடை நிகழ்ச்சியொன்றை முழுமையாக ஒளிபரப்பிற்று. சர்ச்சைக்குரிய பகுதி வருமுன் பார்வையாளருக்கு ஓர் எச்சரிக்கை மட்டும் காட்டப்பட்டது. ஒரே மனிதரின் ஒரே வகைப் பேச்சு ஆகாயத்தில் வழக்காகவும் கம்பியில் வியாபாரமாகவும் இருந்த ஆண்டு அது.

ஆயினும் அரசின் கை நீங்கியதும் நகைச்சுவை முற்றாக விடுதலை பெற்றுவிட்டதெனக் கொள்வது தவறாகும். எச்.பி.ஓ. விளம்பரம் ஏற்காதது, சந்தாப் பணத்தில் வாழ்ந்தது. கொமெடி சென்ட்ரலின் நிலைமை வேறு. 1989 நவம்பரில் எச்.பி.ஓ.வின் சார்பில் ஒன்றும், 1990 ஏப்ரிலில் வயாகொம் குழுமத்தின் சார்பில் ஒன்றுமாகத் தோன்றிய இரு நகைச்சுவை அலைவரிசைகள் தனித்தனியே நிலைக்கமாட்டாமல் 1991இல் இணைந்தமையாற் பிறந்தது அது. 2003இல் வயாகொம் மற்றைய பாதியையும் 122.5 கோடி டொலருக்கு வாங்கிற்று. சந்தாவுடன் விளம்பரமும் அதன் உணவு. எனவே அங்கு வசைச்சொல்லின்மேல் இடப்பட்ட ‘பீப்’ ஒலி சட்டத்தின் கட்டளையன்று, விளம்பரகாரரின் முகங்கோணுதலை முன்னுணர்ந்து நிறுவனம் தானே இட்ட திரையாகும். வேண்டியபோது அதனை 162 தடவை நீக்கவும் முடிந்தது. தணிக்கை எங்கிருந்து வருகின்றதென்பதை நாம் சட்டப் புத்தகத்தில் மட்டும் தேடுவோமாயின் ஏமாந்துபோவோம்.

சௌத் பார்க்கின் பிறப்பே ஒரு வீடியோ நாடாவின் கதை. கொலராடோப் பல்கலைக்கழகத்தில் ஒருவரையொருவர் அறிந்த ட்ரே பார்க்கர், மற் ஸ்டோன் என்னும் இரு மாணவர் 1992இலே வண்ணக் கடதாசிகளை வெட்டி நகர்த்திக் குறும்படமொன்று செய்தனர். 1995இல் பிரையன் கிரேடன் என்னும் தொலைக்காட்சி நிர்வாகி, தம் நண்பர்களுக்கு நத்தார் வாழ்த்தாக அனுப்பும் பொருட்டு, அது போன்ற இன்னொன்றைச் செய்துதருமாறு அவர்களுக்குச் சிறு தொகையொன்றைக் கொடுத்தார். இயேசுவும் நத்தார் தாத்தாவும் பண்டிகையின் உண்மைப் பொருள் பற்றிக் கைகலக்கும் அப்படத்தைப் பெற்றவர் பிரதி செய்தனர். பிரதியைப் பெற்றவர் மறுபிரதி செய்தனர். எந்த நிலையமும் ஒளிபரப்பாத ஒன்று ஹொலிவூட் எங்கும் பேசப்பட்டது. இவ்வழக்கத்துக்குச் சட்டப் பின்னணியும் உண்டு. வீட்டிலே தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிந்து பின்னர் பார்ப்பது பதிப்புரிமை மீறலன்று என்று 1984இல் உயர் நீதிமன்றம், இங்கும் ஐவருக்கு நால்வராக, தீர்ப்பளித்திருந்தது. நத்தார் நாடாவைப் பிரதி செய்தவர்கள் அத்தீர்ப்பின் நிழலிலே நின்றனர் என்று கூற முடியாதாயினும், அதனால் வீடுதோறும் நிலைபெற்றிருந்த பதிவுக் கருவிகளையே அவர்கள் பயன்படுத்தினர். 1997 ஓகஸ்ட் 13ஆம் திகதி தொடர் முதன்முதல் ஒளிபரப்பாகியபோது நாடாவின் வாசகர்கள் ஏற்கனவே இருந்தனர். ஒளிபரப்புக்குப் பின் மிஞ்சும் பொருளே வீடியோ நாடா என்னும் பொதுக்கருத்து இத்தொடரைப் பொறுத்தவரை தலைகீழானது.

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாக வகுப்பதை நாம் அறிவோம். வசையை வெளிப்படச் சொல்வது முன்னையது. மறைத்துச் சொல்வது பின்னையது. அமெரிக்க வானலைத் தொலைக்காட்சியின் பழைய நகைச்சுவை, விளம்பரகாரருக்கும் ஆணைக்குழுவுக்கும் அஞ்சி, பெரிதும் பழிகரப்பாகவே வளர்ந்தது. கேபிள் செம்பொருளுக்கு இடங்கொடுத்தது. சௌத் பார்க் பெயர் சுட்டிப் பழித்தது: அரசியல்வாதி, நடிகர், மதத்தலைவர், தன் அலைவரிசை உரிமையாளர் என எவரையும் விடவில்லை. அதன் நகை முழுவதும் நயமானதென்று நான் கூறமாட்டேன். வாந்தியும் மலமும் மட்டுமே கருப்பொருளாகிய அங்கங்கள் பலவுண்டு. அவற்றை ஒருமுறை பார்ப்பதே அதிகம். எனினும் ஓர் அங்கத்தை ஏறத்தாழ ஆறு நாளிற் செய்து முடிக்கும் வழக்கத்தால் அது நாளிதழின் வேகத்தைப் பெற்றிருந்தது. கடதாசி வெட்டி நகர்த்திய முதல் அங்கத்துக்கு ஏறக்குறைய மூன்று மாதம் சென்றது. பின்னர் கணினியே கடதாசியின் கரடுமுரடைப் போலச் செய்தது. 2008 நவம்பரில் ஒபாமா தேர்தலில் வென்ற மறுநாள் இரவே அவ்வெற்றியைப் பற்றிய அங்கம் ஒளிபரப்பாயிற்று. நாளிதழைப் போன்றே அடுத்த ஆண்டு அதன் பாதி புரியாமற் போகும் இடரும் இருந்தது. இறுவட்டுத் தொகுப்புகளில் ஆக்கியோர் ஒவ்வோர் அங்கத்துக்கும் சில நிமிடச் சிற்றுரை ஒன்றைப் பதிந்து வைத்தமை இவ்வகையிற் பயனுடையதாயிற்று. மூலநூலாசிரியரே உரையாசிரியராகவும் அமைந்த அரிய நிலை அது. பழந்தமிழ் நூல் கற்போர் பொறாமைப்படத்தக்கது.

நாடாவிலும் இறுவட்டிலும் நிற்பது ஒளிபரப்பாகிய அதே பாடந்தானா? இவ்வினாவுக்குச் சௌத் பார்க்கின் முன்னோடிகள் இரண்டினை முதலில் நோக்குவது பயன்தரும்.

மினியாபொலிஸ் நகரின் உள்ளூர் நிலையமொன்றில் 1988இல் தோன்றி, அடுத்த ஆண்டே கேபிளுக்கு வந்த மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000 என்னும் தொடரில் ஒரு மனிதனும் இரு இயந்திரப் பொம்மைகளும் பழைய மட்டமான திரைப்படமொன்றை முழுவதும் இருந்து பார்த்து, வரிக்கு வரி கேலி செய்வர். கையில் நிகழ்ச்சி குறைந்த புதிய அலைவரிசைக்கு மலிவாக இரண்டு மணி நேரத்தை நிரப்பித்தந்த ஏற்பாடு அது. கேபிள் எட்டாத ஊர்களிலும் தொடர் பரவவேண்டுமென, நாடாக்களைக் கைமாற்றுமாறு ஆக்கியோர் நிகழ்ச்சியின் முடிவெழுத்துக்களிலேயே இரசிகரை வேண்டிக்கொண்டனர். ஆனால் முறையான வீடியோ வெளியீடு என்று வந்தவுடன் சிக்கல் எழுந்தது. கேலி ஆக்கியோருடையது, கேலி செய்யப்பட்ட படமோ பிறருடையது. ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி உரிமை பெறவேண்டியிருந்தது. பத்தாவது தொகுதி கடைக்கு வந்தபின், அதிலிருந்த ‘கொட்சில்லா எதிர் மெகலோன்’ படத்தின் உரிமைப் பிரச்சினையால் தொகுதி முழுவதுமே மீளப்பெறப்பட்டு, வேறொரு படம் சேர்த்துத் திரும்ப வெளியிடப்பட்டது. பழைய தொகுதி அகப்பட்டவர்கள் அதனைப் பொன்போற் பேணினர். சந்தைப் பதிப்பிலும் இரசிகன் வீட்டில் பதிந்த கலங்கிய நாடாவே நிறைவான மூலமாக நின்ற இடங்கள் இத்தொடரிற் பல.

எம்.ரி.வி.யில் 1993இல் தொடங்கிய பீவிஸ் அன்ட் பட்ஹெட் தொடருக்கு நேர்ந்தது இன்னும் பெரிய இழப்பு. இரு அறிவிலி இளைஞர் இருக்கையில் அமர்ந்து இசைப்பட வீடியோக்களை ஏளனம் செய்யும் காட்சிகளே அத்தொடரின் உயிர். பாடல்களின் உரிமைச் செலவு காரணமாக வீட்டுப் பதிப்புகளில் அவற்றுட் பெரும்பகுதி இடம்பெறவில்லை. அதே 1993இல் ஒஹையோ மாநிலத்தில் சிறுவனொருவன் மூட்டிய தீயில் அவன் தங்கை இறந்தபோது, தாய் தொடரின்மேற் குற்றஞ்சாட்டினார். அலைவரிசை தொடரைப் பின்னிரவுக்கு மாற்றியதோடு தீ பற்றிய குறிப்புகளையும் வெட்டிற்று. ஒரு குழந்தையின் சாவுக்கு முன்னால் கலைச் சுதந்திரம் பேசுவது எளிதன்று. ஆயினும் தொடரை இன்று பெட்டியில் வாங்கிப் பார்ப்பவன் எதற்காக அன்று நாடே கொதித்தது என்பதை அப்பெட்டியிலிருந்து அறியமாட்டான்.

பணத்தின் பக்கத்தையும் ஒருவாறு குறிப்பிடவேண்டும். கொமெடி சென்ட்ரலில் 2003இல் வந்த டேவ் சப்பெல்லின் தொடர் இனவாதத்தை அதன் முகத்துக்கு நேரே நகைத்தது. 2004இல் வெளிவந்த அதன் முதற்பருவ இறுவட்டு, அதுவரை வந்த தொலைக்காட்சி இறுவட்டுக்கள் அனைத்தையும் விற்பனையில் விஞ்சியது. அவ்விற்பனையின் பின்னணியிலேயே அவருக்கு ஏறத்தாழ 5 கோடி டொலர் ஒப்பந்தம் வழங்கப்பட்டது. 2005இல் அவர் பாதிவேலையில் யாவற்றையும் விட்டுத் தென்னாபிரிக்கா சென்றார். தாம் எழுப்பும் சிரிப்பு எப்பக்கத்திலிருந்து வருகின்றதென்ற ஐயம் தம்மை வருத்தியதாகப் பின்னர் கூறினார். 2020இல் தொடர் தமக்கு ஊதியமின்றி இணையவழிச் சேவைகளுக்குக் கொடுக்கப்பட்டதை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். நெட்பிளிக்ஸ் அதனை நீக்கிற்று. அடுத்த ஆண்டு உரிமையாளருடன் இணக்கம் ஏற்பட்டபின்னரே தொடர் திரும்பிற்று. இவ்விடையில் இறுவட்டு வைத்திருந்தவனுக்கு எவ்வித மாற்றமும் நிகழவில்லை என்பது நோக்கற்பாலது.

சௌத் பார்க்கிற்கு மீள்வோம். 2005 நவம்பரில் சயன்டொலொஜி மதத்தை எள்ளிய அங்கமொன்று ஒளிபரப்பாயிற்று. அம்மதத்தைச் சேர்ந்தவரும் தொடரின் முக்கிய குரற் கலைஞருமாகிய பாடகர் ஐசாக் ஹேய்ஸ் 2006 மார்ச்சில் விலகினார் என்ற செய்தி வந்தது. அவ்வாரமே நிகழவிருந்த மறு ஒளிபரப்பு கைவிடப்பட்டது. அம்மதத்தின் புகழ்மிக்க உறுப்பினராகிய நடிகர் ஒருவரின் பெரும்படம் அலைவரிசை உரிமையாளரின் வேறொரு கிளையால் வெளியிடப்படவிருந்தமையை அக்காலப் பத்திரிகைகள் சுட்டின. யூலையில் அங்கம் மீண்டும் காட்டப்பட்டது. 2005 டிசம்பரில் மரியன்னையின் சிலை பற்றிய அங்கத்துக்குக் கத்தோலிக்க அமைப்பொன்று எதிர்ப்புத் தெரிவித்தபோதும் மறு ஒளிபரப்பொன்று நிறுத்தப்பட்டது. இவ்விரண்டும் ஒன்பதாம் பருவ இறுவட்டுத் தொகுப்பில் தம்மிடத்திலேயே உள்ளன. அலைவரிசை தளர்ந்த இடத்தில் பெட்டி தளரவில்லை.

இனி நாம் காணப்போவது அவ்வாறன்று. 2001 யூலை 4ஆம் திகதி ஒளிபரப்பாகிய அங்கமொன்றில் இயேசு, புத்தர், கிருஷ்ணர் முதலியோருடன் முகம்மது நபியும் உருவமாக வரையப்பட்டிருந்தார். நபிகளை உருவமாகக் காட்டலாகாதென்பது முஸ்லிம்களிற் பெரும்பான்மையோரின் ஆழ்ந்த நம்பிக்கை. அதனைப் பகிடியாகக் கொள்வோரின் அலட்சியத்தை நான் பகிர்ந்துகொள்ளவில்லை. ஆயினும் அன்று பேரெதிர்ப்பு எதுவும் எழவில்லை. 2005 செப்டெம்பரில் டென்மார்க்குப் பத்திரிகையொன்றின் சித்திரங்கள் வெளிவந்து, அடுத்த ஆண்டு பல நாடுகளிற் கலவரமும் உயிரிழப்பும் நேர்ந்த பின்னர் நிலைமை மாறிற்று. 2006 ஏப்ரிலில் அதே உருவத்தை மீண்டும் காட்ட முயன்றபோது கொமெடி சென்ட்ரல் மறுத்தது. 2010 ஏப்ரில் 14, 21ஆம் திகதிகளில் 200ஆம், 201ஆம் அங்கங்கள் வந்தன. முன்னதன் பின் நியூயோர்க்கைச் சேர்ந்த ஒரு சிறு குழு, 2004இல் அம்ஸ்டர்டாமிற் கொல்லப்பட்ட திரைப்பட இயக்குநர் தியோ வான் கோவின் படத்துடன் எச்சரிக்கையொன்றை வெளியிட்டது. அதனை எழுதிய இளைஞனுக்குப் பின்னர் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 201ஆம் அங்கத்தில் உருவம் மட்டுமன்றிப் பெயரும் ‘பீப்’ ஒலியால் மறைக்கப்பட்டது. அதனினும் மேலாக, இறுதியிற் பாத்திரங்கள் நிகழ்த்தும் உரை முழுவதும் மறைக்கப்பட்டது. அவ்வுரையில் நபிகளைப் பற்றிய குறிப்பே இருக்கவில்லையென்றும், அச்சுறுத்தலும் அச்சமுமே அதன் பொருளென்றும் ஆக்கியோர் அறிக்கை விடுத்தனர்.

சமயத்தாரின் உணர்வுக்கு மதிப்பளித்து உருவத்தைத் தவிர்ப்பது ஒன்று; அச்சத்தைப் பற்றிய பேச்சையே அச்சத்தால் அழிப்பது வேறொன்று. முன்னதற்கு நியாயம் கூறலாம். பின்னதற்கு நான் நியாயம் காணவில்லை.

பதினான்காம் பருவத்தின் தொகுப்பு 2011இல் வெளிவந்தது. அக்காலத்துக்குள் இத்தொடரின் வீட்டுப் பதிப்புகளில் வசைச்சொற்களின்மேலான ‘பீப்’ நீக்கப்படுவது வழமையாகியிருந்தது. அத்தொகுப்பிலும் அவ்வாறே ஏனைய அங்கங்களிற் சகல வசைகளும் தெளிவாகக் கேட்கின்றன. 201ஆம் அங்கம் மட்டும் ஒளிபரப்பாகிய நிலையிலேயே, அதே ‘பீப்’ ஒலிகளுடன் இருக்கின்றது. 162 தடவை ஒரு வசைச்சொல்லை எண்ணிக் காட்டிய தொடரின் பெட்டியில், வசையேயில்லாத ஓர் உரை கேட்க முடியாதது.

2020இல் தொடர் எச்.பி.ஓ. மக்ஸ் என்னும் இணையவழிச் சேவைக்குச் சென்றபோது நபிகள் தொடர்பான ஐந்து அங்கங்கள் அங்கு சேர்க்கப்படவில்லை. 2001இல் எவரும் எதிர்க்காத அங்கமும் அவற்றுள் ஒன்று. சேவையின் பட்டியலைப் பார்த்தவனுக்கு எண்ணில் இடைவெளி மட்டுமே தோன்றிற்று. ஆகவே 2001ஆம் ஆண்டின் பாடத்தைக் காண விரும்புவோன் ஐந்தாம் பருவத்தின் பழைய இறுவட்டைத் தேடவேண்டும்; அங்கு அது குறைவின்றி உள்ளது. 201ஆம் அங்கத்தின் மூலபாடம் எந்த நாடாவிலும், எந்த இறுவட்டிலும் விற்கப்பட்டதில்லை. 2014 சனவரியில் அதன் மறைக்கப்படாத பிரதியொன்று எவராலோ இணையத்திற் கசியவிடப்பட்டது. மறைக்கப்பட்டிருந்த உரை அவ்வாறுதான் முதன்முதலாகக் கேட்கப்பட்டது. ஒருவரைக் கேலியிலிருந்து காப்பது நற்பண்போ தெய்வ அருளோ அன்று, பிறரை வன்முறையால் அச்சுறுத்த ஆயத்தமாயிருத்தலே என்பதைத் தாம் கற்றுக்கொண்டதாகப் பாத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதிற் கூறுகின்றன. மறைத்த நிறுவனமும் அதனையே கூறியிருந்தது, ‘பீப்’ ஒலியால்.